கருகல் வாசனை

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாலும், உள்ளே பருப்பு அடிப்பிடித்தால் எனக்குத் தெரிந்துவிடும். "மூக்கா அது, இல்லை போலீஸ் நாயா?" என்று என் வீட்டுக்காரர் கேலி பேசுவார். அந்த மூக்கை நான் ஒரே ஒரு நாள் நம்பாமல் இருந்துவிட்டேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் அடிவயிறு ஜில்லென்கிறது.

எங்கள் ஊர் கச்சிராயபாளையம் பக்கம். கோமுகி அணைக்கு மேலே நீலமாய்த் தெரிகிற கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் பாத்திரம் தேய்க்கிறேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019-ல்தான் நாங்கள் டிராக்டரும் டிரெய்லரும் வாங்கினோம். கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்கு ஓடும். மற்ற நாளில் எரு, செங்கல், மணல் என்று எது கிடைத்தாலும் ஏற்றும். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த வண்டியால்தான். அதனால் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு தை மாதம். மலையில் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர், தம் குட்டையில் விட்டிருந்த இரண்டு ஃபைபர் படகுகள் ஓட்டையாகிவிட்டதால், அவற்றைக் கீழே கொண்டுவந்து ஒட்டவேண்டும் என்று வாடகை பேசினார். காலால் மிதித்து ஓட்டுவார்களே, அந்த மாதிரிப் படகு. "மலைக்குப் போறீங்களே, நாங்களும் உங்க தங்கச்சியைப் பார்த்துட்டு வந்துடறோம்" என்றேன். என் நாத்தனாரின் வீட்டுக்காரர் வெள்ளிமலையில் வாத்தியார். குழந்தை பிறந்து மூன்று மாதம். அத்தைக்குப் பேரனைப் பார்க்க ஆசை. அவர் டிராக்டரில் போக, நான், அத்தை, ஒன்பது வயதுப் பையன், நாலு வயதுப் பெண் எல்லோரும் பஸ்ஸில் போனோம். அது வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் செய்தோம்.

திரும்பும்போதுதான் புத்தி கெட்டது. மூன்று மணிக்கு அவர் படகுகளை ஏற்றிக்கொண்டு வெள்ளிமலை வந்து சேர்ந்தார். பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம். பையன் டிரெய்லரில் இருந்த படகைப் பார்த்ததுதான் தாமதம், "அம்மா, நான் படகுல உட்கார்ந்துகிட்டே ஊருக்கு வரேம்மா!" என்று குதித்தான். நாத்தனார்கூட, "அண்ணி, பஸ்லயே போங்களேன், அம்மாவுக்கு முட்டி வலி வேற" என்றாள். "முக்கால் மணி நேரம் குழந்தைங்களை யார் மேய்க்கிறது? போற வண்டிதானே" என்று சொன்னது நான். வேறு யாருமில்லை.

வைக்கோலைப் பரப்பி அத்தையை உட்கார வைத்தேன். பக்கத்தில் நானும் பெண்ணும். பையன் ராஜா மாதிரி படகுக்குள்ளே. கூலிக்கு வந்த பையன் பின்னால் நின்றுகொண்டான்.

கரியாலூர் தாண்டும் வரை ஒரே குஷி. இறக்கம் தொடங்கி முதல் பெரிய வளைவு வந்தபோது லேசாக ஒரு வாசனை. குக்கர் கேஸ்கெட் கருகினால் வருமே, அப்படி. எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? 'காலையில் அடுப்பை அணைச்சேனா?' பதினைந்து மைலுக்கு அப்பால் இருக்கிற அடுப்பு! நமக்குச் சிந்தனை போகிற இடம் அதுதானே.

"என்னமோ கருகுதுடி" என்றார் அத்தை.

"எங்கேயோ சருகு கொளுத்தறாங்க அத்தை" என்றேன்.

அடுத்த வளைவில் வாசனை தொண்டையைப் பிடித்தது. இது சருகில்லை, வண்டியிலிருந்துதான் வருகிறது என்று மூக்கு சொல்லிவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். அதற்குப் பதினைந்து நாள் முன்னால் அவருடைய சிநேகிதர்கள் எதிரில், "வண்டியில ஏதோ சத்தம் வருதே, பாருங்களேன்" என்றேன். "நீ அடுப்படியோட நிறுத்திக்க" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மனசில் முள்ளாய்த் தைத்திருந்தது. 'வண்டி விஷயம் அவருக்குத் தெரியாததா? நமக்கென்ன' என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். இரண்டு குழந்தைகளையும் ஒரு வயசானவரையும் வைத்துக்கொண்டு வீம்பு!

படகிலிருந்து பையன்தான் கத்தினான். "அம்மா, டிராக்டர் சக்கரத்துல புகை வருது!"

அப்புறம் எனக்கு வீம்பெல்லாம் எங்கே போயிற்றோ! எஞ்சின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. தண்ணீர்ச் சொம்பை எடுத்து டிரெய்லரின் இரும்புப் பலகையில் ஓங்கி ஓங்கி அடித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கிறது என்று. "பெடல் கல்லு மாதிரி நிக்குது, வண்டி நிக்கலை" என்று பிறகு சொன்னார்.

டீசல் மிச்சமாகும் என்று மேல் கியரில் இறங்கிக்கொண்டிருந்தார். அந்த வேகத்தில் கியரைக் குறைக்கலாம் என்று கிளட்சை மிதித்திருந்தால் தீர்ந்தது. சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிற எஞ்சினும் கையை விட்டுவிடும். கியர் மறுபடி விழாது. ஆண்டவன் புண்ணியத்தில் அதை அவர் செய்யவில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் மலை ஓரமாக ஒடித்து, ஓரத்து மழைநீர்க் கால்வாயில் சக்கரத்தை இறக்கிவிட்டார். மண்சரிவில் உரசிக்கொண்டே போய் வண்டி நின்றது. டிரெய்லர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பியதில் படகு சறுக்கி, பையன் முகம் அதன் விளிம்பில் மோதியது.

வாயெல்லாம் ரத்தம். முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். உதடு கிழிந்திருந்தது. மேல் முன்பல் ஒன்று பாதியாய் உடைந்திருந்தது. அது பால்பல் இல்லை.

கூலிக்கு வந்த பையன் கீழே குதித்து, சக்கரங்களுக்கு அடியில் கல்லை வைத்தான். புகைகிற சக்கரத்தில் ஊற்றக் குடத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "ஊத்தாதேடா!" என்று இவர் போட்ட சத்தத்தில் நின்றான். சூடேறின இரும்பு தோசைக்கல்லில் திடீரென்று பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடுமல்லவா? சூடான பிரேக் டிரம்மும் அப்படித்தானாம். தானாகவே ஆறவேண்டும்.

அப்போது அவர் செய்த ஒரு காரியம் என் மனசில் பதிந்துவிட்டது. காய்ச்சல் குழந்தையின் நெற்றியைப் பார்ப்பதுபோல, புறங்கையை டிராக்டரின் பின்சக்கரத்தின் நடுப்பக்கம் கொண்டுபோனார். கிட்டே போகும்போதே சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டார். பிறகு டிரெய்லரின் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார்.

"சில்லுனு இருக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். நிறைய டிராக்டர் டிரெய்லர்களுக்குத் தனியாகப் பிரேக்கே கிடையாது. எங்களுடையதற்கு உண்டு. டிராக்டர் பிரேக்கை மிதித்தால் அதுவும் பிடிக்கிற மாதிரி இணைப்பு. அந்தத் தைரியத்தில்தான் மலை ஏறினார். அந்தப் பிரேக் வேலை செய்திருந்தால் அந்தச் சக்கரமும் சுட்டிருக்க வேண்டும். பிரேக் என்றால் என்ன? ஓட்டத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக மாற்றுவதுதானே. சில்லென்று இருந்தால் அது ஒரு வேலையும் செய்யவில்லை என்று அர்த்தம். முன்னால் இருக்கிற டிராக்டர் தன் பாரத்தோடு பின்னால் முட்டித் தள்ளுகிற டிரெய்லரின் பாரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. சூடு ஒரு அளவைத் தாண்டியதும் லைனிங் பிடிப்பு விட்டுவிட்டது. (ஒருத்தர் சும்மா இருக்க, இன்னொருத்தர் இரண்டு பேர் வேலையையும் பார்த்துக் கருகிப்போகிற கதை எந்த வீட்டில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது சொல்லவில்லை!)

டிரெய்லர் பிரேக் ஏன் பிடிக்கவில்லை? படகு ஏற்றிய விதம்தான். தூக்கி வைக்க ஆள் போதாமல், டிரெய்லரைப் பின்பக்கமாகக் குட்டைக்குள் இறக்கியிருக்கிறார்கள். அச்சு வரைக்கும் தண்ணீர். படகின் மூக்கைத் தூக்கி வைத்துக் கயிறு கட்டி இழுத்து ஏற்ற அரை மணி நேரம் ஆகியிருக்கிறது. மலை ஏறிவந்த சூட்டோடு அந்தச் சக்கரம் அத்தனை நேரமும் சேற்றுத் தண்ணீரில் நின்றிருக்கிறது. ஏற்றி முடித்ததும் நேராகக் கிளம்பிவிட்டார்கள். ஈரமான பிரேக்கை ஒரு சமதரையில் மெல்ல மெல்ல நாலு தடவை மிதித்துக் காய வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் மெக்கானிக் பிரித்துக் காட்டியபோது பார்த்தேன். சேறும் கிரீஸும் கலந்து, கேழ்வரகுக் களி மாதிரி லைனிங் முழுக்க அப்பியிருந்தது. சீல் பழசாகித் தண்ணீர் உள்ளே போக வழி விட்டிருக்கிறது. அது எத்தனை நாளாக அப்படி இருந்ததோ! கரும்பு ஆலைக்குப் போகிற வழியெல்லாம் சமவெளி. அங்கே பிரேக்கின் குறை எங்கே தெரியப்போகிறது?

வண்டி ஆறுவதற்காக உட்கார்ந்திருந்தோம். விறகுக் கட்டோடு இறங்கி வந்த மலைக்காரப் பெண் ஒருத்தி நின்றாள். என்னை விடச் சின்னவள்தான். பையன் வாயைப் பார்த்துவிட்டு, கட்டை இறக்கி வைத்தாள். பக்கத்துக் கொல்லைக்குப் போய் ஒரு செம்பில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தாள். துணியை நனைத்து உதட்டில் வைத்து அழுத்தச் சொன்னாள். அத்தை அவளிடம், "இவ்வளவு பாரத்தோட எப்படிம்மா தினமும் ஏறி இறங்கறே?" என்று கேட்டார்.

"ஏறது ஒண்ணுமில்லீங்கம்மா. இறங்கறப்பதான் பாரம் முதுகைத் தள்ளும். மேலயே அடி சின்னதா வச்சுக்கணும். பாதியில நிறுத்தலாம்னா முட்டி நிக்காது" என்றாள்.

அத்தை என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "உங்கப்பா வண்டி மாடு ஓட்டறப்போ, இறக்கம் வருதுன்னா முன்னாடியே சக்கரத்துக்குக் கட்டையை இழுத்துப் பிடிச்சுடுவாரு. மாடு கால்ல பாரம் விழக்கூடாதுன்னு" என்றார். இவர் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை.

பஸ் வந்தது. நாங்கள் கிளம்பாமல் விட்டுவந்த அதே பஸ். ஓட்டுநர் நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டார். இவரும் கூலிப் பையனும் மலையிலேயே தங்கினார்கள். மறுநாள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிரேக்கைச் சுத்தம் செய்து, லைனிங் மாற்றித்தான் வண்டியைக் கீழே இறக்கினார்கள். படகு வாடகைக்கு மேலேயே செலவாகிவிட்டது.

பல் டாக்டர் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "உடைஞ்ச துண்டு எங்கேம்மா?" நான் விழித்தேன். உடைந்த துண்டைத் தேடி எடுத்து, காயாமல் பாலில் போட்டு உடனே கொண்டுவந்தால், பல சமயம் அதையே திரும்ப ஒட்டிவிடலாமாம். குழந்தை விழுந்து நிரந்தரப் பல் முழுசாகவே வந்துவிட்டாலும் அப்படித்தான்: வேர்ப் பக்கத்தைத் தொடாமல், தேய்த்துக் கழுவாமல், பாலில் போட்டு, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் டாக்டரிடம் போகவேண்டும். எங்கள் துண்டு மலை ரோட்டில் எங்கோ கிடக்கிறது. சிறு குழந்தை வைத்திருக்கிற தாய்மார்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வீடு திரும்பிய இரவு, குழந்தைகள் தூங்கின பிறகு பேச்சு வந்தது.

"முதல் வளைவுலயே உனக்கு வாசனை வந்ததுன்னு அம்மா சொன்னாங்க. சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?" என்றேன்.

வெகு நேரம் கழித்து, "கேட்டிருக்க மாட்டேன்" என்றார். எங்கள் பதிமூன்று வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட பெரிய வார்த்தை அதுதான். எனக்கு அழுகை வந்தது. அவர் கேட்டிருக்க மாட்டார் என்பதற்காக நான் சொல்லாமல் இருந்தது சரியாகிவிடுமா? இரண்டு பேர் கணக்கிலும் அந்தப் பல் எழுதப்பட்டிருக்கிறது.

கனடாவில் இருக்கும் என் தம்பியிடம் போனில் இதைச் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவே இல்லை. அங்கே கோடைக்காலத்தில் காருக்குப் பின்னால் படகு இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவது சகஜமாம். படகு டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கித்தான் படகை விடுவார்கள். அதனால் பிரேக்கில் துருவும், பேரிங்கில் தண்ணீரும் அவர்களுக்கும் தீராத தலைவலிதானாம். பெரிய படகு டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் இருக்கும். கார் வேகத்தைக் குறைத்தால் டிரெய்லர் முன்னால் வந்து முட்டும் அல்லவா? அந்த முட்டுகிற விசையாலேயே தன் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளுமாம்! கொக்கி கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாமல் இரண்டு சங்கிலி குறுக்காகப் போட்டிருப்பார்களாம். உப்புத் தண்ணீரில் இறக்கினால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுவார்களாம். வழியில் நிறுத்தும்போதெல்லாம் ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார்களாம். ஒன்று மட்டும் அதிகமாய்ச் சுட்டால் அது இறுகிக்கிடக்கிறது. ஒன்று மட்டும் சில்லென்றிருந்தால் அது பிடிக்கவில்லை. என்னவர் புறங்கையால் பார்த்த அதே வைத்தியம்தான்.

ஒன்றை மட்டும் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். சாமான் ஏற்றுகிற டிரெய்லரில் நாங்கள் ஏறியதே தப்பு. சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. விபத்து நடந்தால் நஷ்டஈடு கேட்பதும் பெரும்பாடு. நம் பக்கத்தில் காதுகுத்து, முடியிறக்கம், திருவிழா என்றால் ஒரு டிரெய்லர் நிறையப் பெண்களும் குழந்தைகளுமாகப் போவதைப் பார்க்கிறோம். 2022 அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரப்பிரதேசத்தில், கான்பூர் பக்கம், ஒரு குழந்தைக்கு முடியிறக்கிவிட்டுத் திரும்பியவர்கள் வந்த டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நாங்கள் அந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்து 'ஐயோ பாவம்' என்றவர்கள்தான். பார்த்த பிறகும் ஏறினோம்.

இப்போது எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் வந்திருக்கின்றன. டிரெய்லரில் ஆள் ஏறுவதில்லை, யார் கெஞ்சினாலும் சரி. உழவு முடிந்து வண்டி ரோட்டுக்கு வரும்போது இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துக் கொண்டி போட்டாயிற்றா என்று பார்க்கிறார். வயலில் திருப்புவதற்காகத் தனித்தனியாக விட்டிருப்பதை ரோட்டிலும் அப்படியே விட்டால், ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி ஒரு பக்கமாய் இழுத்துவிடும். ஏறின கியரிலேயே இறங்குவது. அந்தக் கியரையும் இறக்கம் தொடங்குமுன்பே போட்டுவிடுவது. சக்கரம் தண்ணீரில் இறங்கினால், பிரேக்கைக் காயவைத்து, சமதரையில் நிறுத்திப் பார்க்காமல் மேற்கொண்டு போவதில்லை.

என் பழக்கம் ஒன்றுதான். எந்த வண்டியில் உட்கார்ந்தாலும், பஸ்ஸோ வேனோ காரோ, கருகல் வாசனை வந்தால் வாயைத் திறந்துவிடுகிறேன். போன மாதம்கூட ஒரு கல்யாண வேனில் கத்தி நிறுத்தினேன். டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்கம்மா, பக்கத்துல டயர் கொளுத்தறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முள் எதுவும் தைக்கவில்லை.

பையனுக்குப் பல்லில் இப்போது டாக்டர் வெள்ளையாய்க் கட்டிவிட்டிருக்கிறார். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவன் வாய்விட்டுச் சிரிக்கும்போது, எனக்கு மட்டும் அந்தக் கோடு தெரிகிறது.